உழுதவன் பெயர் வில்லன்!

ஆண்டு விழா நெருங்கிற்று. மாணவர் நாடகத்துக்கு வேடம் பங்கிடும் வேளை. ஆசிரியர் அறையிலே ஒரே ஆரவாரம். அரசகுமாரன் வேடத்துக்கு ஆள் தேடினோம். சிவந்த மேனியும் சீரான உடையும் கொண்ட சிறுவன் ஒருவன் கிடைத்தான். அமைச்சன் கிடைத்தான்; அந்தப்புரத் தோழி கிடைத்தாள். அரசகுமாரியைக் கவர்ந்து செல்லும் கொடியவன் வேடம் எவனுக்கு? தேட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. "அவன் இருக்கிறானே! வில்லனுக்கென்றே வார்த்தெடுத்த முகம்!" என்றார் ஒருவர். அறை சிரித்தது. தோழர்களே, மறைப்பானேன்? நாமும் சிரித்தோம்.

அவன் கறுத்த மேனியன். கூலிக்கு நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கும் குடும்பத்துப் பிள்ளை. விடுமுறை நாட்களிலே பெற்றோருடன் வயலில் நிற்பவன். வெயில் அவன் முகத்திலே தன் கையெழுத்தை இட்டிருந்தது. அந்தக் கையெழுத்தைத்தான் கயமையின் முத்திரை என்று நாம் படித்தோம். பட்டம் பெற்றவர்கள் நாம்! பகுத்தறிவு பேசுபவர்கள் நாம்! மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, ஆசிரியர் அறையிலே தோலின் நிறம் பார்த்து வேடம் பங்கிட்டவர்கள் நாம்!

மறுநாள் ஆங்கில வகுப்பு. பாடத்திலே 'வில்லன்' என்ற சொல் வந்தது. கல்லூரியிலே கற்றதைக் கடைவிரிக்கும் ஆசை யாரை விட்டது? அந்தச் சொல் இலத்தீனிலே பிறந்தது, முதலிலே பண்ணையில் பாடுபடும் உழவனைக் குறித்தது, பின்னரே கயவனைக் குறிக்கலாயிற்று என்று விளக்கினோம். விந்தைச் செய்தி ஒன்று சொல்லிவிட்ட பெருமிதத்தோடு வகுப்பைப் பார்த்தோம். அந்த மாணவன் எழுந்து நின்றான்.

"அப்படியானால் ஐயா, என் அப்பாதான் வில்லனா?"

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. மணி ஒலித்தது, தப்பினோம். ஆனால் கேள்வி தப்பவிடவில்லை. பேருந்திலே உடன் ஏறிற்று, வீடுவரை வந்தது, விளக்கணைத்த பின்னும் விழித்திருந்தது. அந்தக் கேள்விக்கு விடைதான் இக்கட்டுரை. காலந்தாழ்ந்த விடை, எனினும், கடன் கடன்தானே!

எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? உரோமப் பேரரசின் நாட்டுப்புறங்களிலே செல்வர்கள் பெரும்பண்ணைகளை வைத்திருந்தனர். வயலும் தோட்டமும் தொழுவமும், நடுவிலே மாளிகையும் கொண்ட அந்தப் பண்ணைக்கு 'வில்லா' என்று பெயர். அந்த வில்லாவைச் சார்ந்து உழைத்தவன் 'வில்லானுஸ்'. அவ்வளவுதான்! அந்தப் பெயரிலே பழியில்லை, பகையில்லை. ஊர்க்காரன், பண்ணைக்காரன், உழுபவன் என்பதற்கு மேல் அதிலே ஒன்றுமில்லை. உரோமப் பேரரசு உருக்குலைந்தது. இலத்தீன் பிரெஞ்சாக உருமாறிற்று. சொல்லும் அந்நாட்டு நாவிலே 'விலேன்' என்று மாறிற்று. 1066ஆம் ஆண்டு நார்மண்டியின் வில்லியம் கடல் கடந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது, வாளோடு அவன் மொழியும் கரையேறிற்று. அந்த மொழியோடு இந்தச் சொல்லும் கரையேறிற்று.

வென்ற நாட்டின் சொத்துக்கு வில்லியம் கணக்கெடுத்தான். 1086ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பு அது. எந்த ஊரிலே எத்தனைக் கலப்பை, எத்தனை ஆலை, எவ்வளவு மேய்ச்சல் நிலம், எத்தனை உழவர் என்று எழுதி வைத்தார்கள். மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு நாளைப் போன்றது என்பதால், 'டூம்ஸ்டே ஏடு' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அந்த ஏட்டிலே பதிவானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறார்கள் தெரியுமா? 'வில்லானி'! நாட்டிலே மிகப் பெரிய பிரிவினர் அவர்கள். அத்தனை பேரும் கயவர்களா? அத்தனை பேரும் கன்னக்கோல் ஏந்தியவர்களா? கன்னக்கோலன்று, தோழர்களே, கலப்பை ஏந்தியவர்கள்! இங்கிலாந்துக்குச் சோறிட்டவர்கள்!

அன்றைக்கு அவன் முழு அடிமையாகிவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் சட்டம் அவன் கழுத்திலே நுகத்தடியை இறுக்கிக் கட்டிற்று. வாரத்திலே சில நாட்கள் பிரபுவின் நிலத்திலே கூலியின்றி உழ வேண்டும். அறுவடைக் காலத்திலே தன் கதிர் முற்றி உதிர்ந்தாலும் பிரபுவின் கதிரைத்தான் முதலில் அறுக்க வேண்டும். தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைக்க வேண்டும். அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். மகளுக்கு மணமுடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவன் செத்தால், தொழுவத்திலே சிறந்த மாடு பிரபுவின் கொட்டிலுக்குப் போகும். பிணம் வெளியே போகும் வாசலிலேயே மாடும் வெளியே போகும்! அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகலாகாது. பிரபு அநீதி செய்தால் அரசனின் மன்றத்திலே அவன்மீது வழக்காடவும் இயலாது. பண்ணையாள் என்ற தமிழ்ச் சொல்லை அறிந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். 1952ஆம் ஆண்டு, தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களைக் காக்கவென்றே இங்கே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை அறிந்தவனுக்கு, இங்கிலாந்தின் வில்லன் அயலானாகத் தோன்றமாட்டான்.

இனித்தான் நடக்கிறது மோசடி!

உழைத்தவனிடம் நிலமில்லை. எழுதுகோலும் இல்லை. எழுதியவர்கள் மாளிகையிலும் மடத்திலும் இருந்தார்கள். கொலுமண்டபத்திலே பாணர் பாடினர். வீரப் பிரபுக்களின் காதலையும் கொடையையும் கதைகளாகக் கட்டினர். அந்த இலக்கியத்திலே இரண்டு சொற்கள் எதிரும் புதிருமாக நின்றன. ஒன்று, அரசவையைக் குறிக்கும் 'கோர்ட்' என்ற சொல்லிலிருந்து பிறந்த 'கர்ட்டஸி'. அரசவையிலே இருப்பவனின் பண்பு அது! மற்றொன்று, வில்லாவிலே உழைப்பவனின் பெயரிலிருந்து பிறந்த 'வில்லனி'. வயலிலே இருப்பவனின் பண்பாம் அது! அவையிலே அமர்ந்தவன் அடக்கமானவன். அவனுக்கு அடங்கி உழைத்தவன் அயோக்கியன்! சேறு பூசிய கால் கண்டு முகம் சுளித்தவர்கள், சேறு அவன் நெஞ்சிலும் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். 1300ஆம் ஆண்டு வாக்கிலே இந்தச் சொல் ஆங்கில ஏடுகளிலே இடம்பெறத் தொடங்கியபோது, உழவன் என்ற பொருளோடு இழிந்தவன் என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாளடைவிலே முதற்பொருள் தேய்ந்தது. இரண்டாம் பொருள் கொழுத்தது. ஒரே சொல் இரண்டு எழுத்துக்கூட்டலாகப் பிரிந்தது: பண்ணையடிமையைக் குறிக்க ஒன்று, கயவனைக் குறிக்க ஒன்று. இடையிலே ஓர் எழுத்துத்தான் மாற்றம். அந்த ஓரெழுத்து வேலிக்கு அப்பால் ஒரு வர்க்கத்தின் வரலாறு புதைக்கப்பட்டது.

1599 வாக்கிலே ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் முதற்காட்சியைப் பாருங்கள். அண்ணன் தம்பியைப் பார்த்து வில்லன் என்று ஏசுகிறான்; கயவன் என்ற பொருளிலே ஏசுகிறான். தம்பி ஆர்லாண்டோ அந்தச் சொல்லைப் பழைய பொருளிலே பிடித்துக்கொண்டு, தான் இன்ன பிரபுவின் மகன் என்று தந்தையின் பெயரைச் சொல்லி மறுக்கிறான். கவனியுங்கள்! 'நான் தீமை செய்யவில்லை' என்பதன்று அவன் வாதம். 'நான் பிறந்த குடி உயர்ந்தது' என்பதே வாதம்! அந்தத் தம்பிக்குத் தந்தையின் பெயர் கேடயமாயிற்று. நம் வகுப்பிலே எழுந்து நின்றவனும் தந்தையின் பெயரைத்தான் சொன்னான். அவனுக்கோ அது கேடயமாகவில்லை, குற்றச்சாட்டாயிற்று.

'ஏதோ ஒரு சொல் வழிதவறிப் போயிற்று. அதற்கு இத்தனைக் கொதிப்பா?' என்பார்கள் சிலர். ஒரு சொல்லா? ஊர்வலமே வருகிறது, பாருங்கள்!

'சர்ல்': பழைய ஆங்கிலத்திலே சாதாரணக் குடிமகன், பின்னர் முரடன், பண்பற்றவன். 'பூர்': குடியானவன், பின்னர் நாகரிகமற்ற மூடன். 'நேவ்': சிறுவன், பின்னர் வேலைக்காரச் சிறுவன், பின்னர் போக்கிரி. இதன் உறவுச் சொல் ஜெர்மன் மொழியிலே இன்றும் சிறுவன் என்ற பொருளிலேயே வாழ்கிறது. ஆங்கிலத்திலே ஏவல் செய்யப் போனவன் மட்டும் எத்தனாகிவிட்டான்! 'மீன்': பொதுவானது, எல்லோருக்கும் உரியது, பின்னர் கீழானது, கஞ்சத்தனமானது, கொடியது. 'வல்கர்': பொதுமக்களுக்குரியது, பின்னர் ஆபாசமானது. 'லூட்': குருமார் கூட்டத்தைச் சேராதவன், பின்னர் படியாதவன், பின்னர் காமுகன். 'பேகன்': இலத்தீனிலே கிராமத்தான், பின்னர் கிறிஸ்துவை ஏற்காத அஞ்ஞானி!

எதிர்ப்புறத்திலிருந்தும் ஓர் ஊர்வலம் வருகிறது. அது பல்லக்கு ஊர்வலம். 'நோபிள்': பலரும் அறிந்த பெருங்குடியினன்; பின்னர் உயர்ந்த உள்ளம் படைத்தவன். 'ஜென்டில்': நற்குடியிலே பிறந்தவன், பின்னர் மென்மையானவன். 'ஜெனரஸ்': உயர்குலத்தான், பின்னர் வள்ளல். 'ஃபிராங்க்': நாட்டைப் பிடித்தாண்ட ஃபிராங்கியர் இனத்தின் பெயர், பின்னர் அடிமையல்லாதவன், பின்னர் உண்மையை ஒளிக்காமல் பேசுபவன்!

பார்த்தீர்களா திருவிளையாடலை! பண்ணைக்குரியவன் பெயர் பண்பாயிற்று. பண்ணையிலே உழைத்தவன் பெயர் பழியாயிற்று. உண்டவன் உத்தமன், உழுதவன் உலுத்தன்! 'லார்ட்' என்று பிரபுவை அழைக்கிறார்களே, அதன் பழைய வடிவத்துக்குப் பொருள் என்ன? ரொட்டியைக் காப்பவன்! 'லேடி' என்றால் ரொட்டி மாவைப் பிசைபவள். அவர்களை அண்டி வாழ்ந்த ஏவலாளுக்குப் பழைய சட்ட ஏட்டிலே என்ன பெயர்? ரொட்டியைத் தின்பவன்! கோதுமை விதைத்தவன் தின்பவனாம். பூட்டி வைத்தவன் காப்பவனாம். கடவுள் பெயராலும் இதே சொல்லைத்தான் தேவாலயத்திலே ஓதினார்கள்.

இன்னொரு வேடிக்கை. முரடன் என்று பொருள்பட்டுப்போன 'சர்ல்' என்ற சொல்லுக்கு ஜெர்மானிய மொழிகளிலே ஓர் உடன்பிறப்பு உண்டு. அதுதான் 'கார்ல்' என்ற பெயர். ஐரோப்பாவைக் கட்டியாண்ட சார்லிமேன் பேரரசனின் பெயர் அது. அவன் புகழால், போலந்து, உருசிய மொழிகளிலே மன்னனைக் குறிக்கும் சொல்லே அவன் பெயரிலிருந்து பிறந்தது. ஒரே வேர், ஒரு கிளையிலே முரடன், மறு கிளையிலே மன்னன்! சொல்லிலேயே இழிவு இருந்திருந்தால் அது மகுடம் சூடியிருக்குமா? பிறப்பிலே இழிவில்லை என்பது மனிதருக்கு மட்டுமன்று, சொற்களுக்கும் பொருந்தும். ஏந்திய கையைப் பொறுத்தே சொல்லுக்கு ஏற்றமும் இழிவும்.

'சொற்களின் பொருள் மாறுவது இயற்கை. ஆற்றிலே மணல் நகர்வதைப் போன்றது' என்று மொழியறிஞர் சொல்லக்கூடும். மாறுவது இயற்கை என்பதை மறுக்கவில்லை. 'நைஸ்' என்ற சொல் முதலில் அறிவிலியைக் குறித்தது. இன்று இனிமையானவனைக் குறிக்கிறது. 'ஸில்லி' முதலில் அருள்பெற்றவனைக் குறித்தது. இன்று அசடனைக் குறிக்கிறது. இவற்றிலே வர்க்கச் சூழ்ச்சி ஏதும் நமக்குத் தெரியவில்லை. ஆனால் தகுதியைக் குறித்த சொற்களை மட்டும் தனியே எடுத்து அடுக்கிப் பாருங்கள். மேலிருப்பவன் பெயர் மேலும் உயர்கிறது, கீழிருப்பவன் பெயர் மேலும் தாழ்கிறது. ஆற்று மணல் ஏழை வீட்டு வாசலைப் பார்த்துப் பார்த்தா மேடிடும்? பிரபுவின் படித்துறையைப் பார்த்துப் பார்த்தா விலகும்?

இதை நாம் மட்டும் கண்டு கூவவில்லை. சீர்திருத்தக்காரர் என்று எவரும் ஐயுறமுடியாத ஆங்கிலப் பேராசிரியர் சி.எஸ். லூயிஸ், 1960ஆம் ஆண்டு வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலிலே, சமூகத் தகுதியைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இந்தப் போக்குக்குப் பெயரிட்டே விளக்கினார். அவருக்கு முன்பே, 1887ஆம் ஆண்டு, ஜெர்மானியச் சிந்தனையாளர் நீட்சே இதைக் கண்டார். கெட்டது என்பதற்கான ஜெர்மன் சொல் ஒரு காலத்திலே எளியது என்பதையே குறித்தது என்று சுட்டிக்காட்டினார். நல்லது கெட்டது என்ற பெயர்களை ஆள்வோரே சூட்டினர் என்றார். ஆனால் அவர் ஆள்வோரின் துணிவை வியந்தார்; அடக்கப்பட்டோரின் அறத்தைப் பழிவாங்கும் உணர்ச்சி என்று இகழ்ந்தார். அவர் கண்ட உண்மையை ஏற்கிறோம். அவர் கட்டிய முடிவைத் தள்ளுகிறோம். சுரங்கத்திலே தங்கம் கிடைத்தால் எடுத்துக்கொள்வோம். சுரங்கத்தின் இருளையுமா வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்?

இத்தனை இழிவையும் சுமந்த அந்த வில்லன்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை! 1348-49இலே கொள்ளை நோய் இங்கிலாந்தை வாரிக்கொண்டு போயிற்று. மக்களிலே மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் மாண்டனர். உழைக்கும் கை குறைந்தது. கூலி உயர வேண்டிய நேரம் வந்தது. பிரபுக்கள் விடுவார்களா? நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்று 1351இலே சட்டம் செய்தார்கள். போருக்குப் பணமில்லையென்று தலைவரி போட்டார்கள். 15 வயதைக் கடந்தவர் தலைக்கு ஒரு ஷில்லிங் என்ற கணக்கிலே 1380இலே விதித்த வரி பொறுமையின் அணையை உடைத்தது. 1381 ஜூன் மாதம் கென்ட், எஸெக்ஸ் மாவட்டத்து உழவர்கள் இலண்டனை நோக்கி நடந்தனர். வாட் டைலர் தலைமை தாங்கினான். ஜான் பால் என்ற ஏழைப் பாதிரி, மனிதர் யாவரும் தொடக்கத்திலே சமமாகவே படைக்கப்பட்டனர், அடிமைத்தனம் பின்னர் அக்கிரமக்காரர் புகுத்தியது என்று பேசினான்.

வழியெல்லாம் அவர்கள் தேடித் தேடி எரித்தவற்றிலே முதன்மையானவை எவை தெரியுமா? பண்ணைக் கணக்கேடுகள்! எவன் எவனுக்கு அடிமை, எவன் எத்தனை நாள் உழக் கடமைப்பட்டவன் என்று எழுதிய சுருள்கள்! எழுத்தறியாத அந்த உழவனுக்குத் தெரிந்திருந்தது, தன் விலங்கு எழுத்திலே இருக்கிறது என்று. எழுத்தறிந்த நமக்கு அது தெரியவில்லையே!

ஜூன் 14ஆம் நாள், மைல் எண்ட் திடலிலே, 14 வயதுச் சிறுவனாயிருந்த இரண்டாம் ரிச்சர்டு மன்னன் அவர்களைச் சந்தித்தான். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு நான்கு பென்ஸ் வாடகை போதும் என்று கேட்டனர். ஒப்புக்கொண்டான், விடுதலைப் பட்டயங்களும் எழுதிக்கொடுக்கச் செய்தான். அன்றைக்கே கிளர்ச்சிக்காரரில் ஒரு பகுதியினர் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் தலையைக் கொய்தனர். அதை நாம் மறைக்கவுமாட்டோம், மெச்சவுமாட்டோம். மறுநாள் ஸ்மித்ஃபீல்டு திடலிலே பேச வந்த வாட் டைலர் வெட்டிச் சாய்க்கப்பட்டான். ஜூலை தொடக்கத்திலேயே பட்டயங்கள் செல்லாது என்று மன்னன் அறிவித்தான். ஜூலை 15ஆம் நாள், செயின்ட் ஆல்பன்ஸ் நகரிலே, ஜான் பால் தூக்கிலிடப்பட்டான். வாக்குக் கேட்ட உழவர்களிடம், நீங்கள் அன்றும் அடிமைகள், என்றும் அடிமைகளே என்ற பொருள்பட மன்னன் பேசியதாக அக்கால வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார். கொடுத்த வாக்கை மீறியவன் கோமகன். வாக்கை நம்பி வீடு திரும்பியவன் வில்லன்! எந்த அகராதியை எரிப்பது, தோழர்களே?

ஆனாலும் மன்னன் வாக்கு நிலைக்கவில்லை. உழைப்புக்கு விலை ஏறிற்று. உழவன் ஊர்விட்டு ஊர் போனான். பண்ணையடிமை முறை சிறுகச் சிறுகக் கரைந்தது. 1574இலே முதலாம் எலிசபெத் அரசி தன் பண்ணைகளிலே எஞ்சியிருந்த அடிமைகள் பணம் செலுத்தி விடுதலை பெற வழிவகுத்தாள். அடிமை முறை செத்தது. அது சூட்டிய பெயர் மட்டும் சாகவில்லை. விலங்கு உடைந்தது, வசவு வாழ்ந்தது!

ஆங்கிலேயனின் பழங்கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? அதே ஆங்கில அகராதியைப் புரட்டுங்கள். நம் மண்ணின் சொல் ஒன்று அங்கே சிறைப்பட்டுக் கிடக்கிறது. 'பரையா' என்பது அது. பறையிலிருந்து பிறந்த பெயர். தமிழ்நாட்டின் உழைக்கும் மக்களிலே ஒரு பெரும் பிரிவினரின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஐரோப்பியர் ஏடுகளிலே ஏறிற்று. நாளடைவிலே அது ஒரு மக்களின் பெயராக இல்லாமல், ஒதுக்கப்பட்டவன், விலக்கப்பட்டவன் என்ற பொதுச் சொல்லாயிற்று. தெருநாய்க்கு அந்தப் பெயரை அடைமொழியாக்கினார்கள், பருந்துக்கும் ஆக்கினார்கள். இன்றும், வல்லரசுகள் விலக்கி வைத்த நாட்டைப் 'பரையா நாடு' என்று ஆங்கில நாளேடுகள் தலைப்பிடுகின்றன; நம் நாட்டு ஆங்கில ஏடுகளும் கூசாமல் அச்சிடுகின்றன. வெள்ளையன் கண்டுபிடித்த இழிவா அது? அவன் எழுதிக்கொண்டான்; எடுத்துக் கொடுத்தவர்கள் இங்கிருந்த சாதியினர்! வில்லனைப் படைத்த அதே பட்டறை, அதே உலை, அதே சம்மட்டி! பறைதல் என்றால் பேசுதல் என்று பொருள் உண்டு தமிழிலே. பேசுதலைப் பெயரிலே கொண்ட மக்களைப் பேசாதே என்று சேரிக்கு அனுப்பினார்கள்.

சொல்லிலே தோற்றவன் சொல்லாலேயே வெல்லவும் கூடும். 1893ஆம் ஆண்டு, இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். எந்தப் பெயரைச் சொல்லி ஏசினார்களோ, அந்தப் பெயரை ஏட்டின் முகப்பிலே ஏற்றினார். 1906இலே இங்கிலாந்திலே வாக்குரிமை கேட்ட பெண்களை எள்ளி நகையாட 'டெய்லி மெயில்' நாளேடு 'ஸஃப்ரஜெட்' என்ற சொல்லை உருட்டிவிட்டது. அந்தப் பெண்கள் அதையே கொடியாக்கினர், 1912இலே தங்கள் ஏட்டுக்கே அந்தப் பெயரைச் சூட்டினர். கல்லெறிந்தவன் கையிலே கல் தீர்ந்தது. எறியப்பட்டவர் கையிலே கோட்டை எழுந்தது!

வில்லன் என்ற சொல்லுக்கும் நம் நாட்டிலே அப்படியொரு திருப்பம் நேர்ந்தது. அதுதான் நம்மைச் சுடுகிறது. ஆங்கில நாடகத்தின் வழியே இங்கே வந்த அந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு மேடையும் வெள்ளித்திரையும் எவன் கழுத்திலே மாட்டின? மிராசுதார், ஜமீன்தார், பண்ணையார்! 1949இலே வெளிவந்த அண்ணாவின் 'வேலைக்காரி' படத்தை எண்ணிப் பாருங்கள். கடன்பட்டவனைச் சாகத் தூண்டும் கொடுமை குடிசையிலிருந்தா வருகிறது? மாளிகையிலிருந்து வருகிறது. அதன்பின் எத்தனைப் படங்கள்! மீசை முறுக்கிய பண்ணையார் ஆணவம் பேச, கொட்டகையின் தரையிலே அமர்ந்த கூலிக்காரன், "அடே வில்லா!" என்று கூவினான். அவனுக்குத் தெரியாது, அது 900 ஆண்டுகளுக்கு முன் தன்னைப்போன்ற ஒருவனின் பெயர் என்று. தெரியாமலேயே, தன் இனத்தவன் தலையிலே ஏற்றிய பழியை ஏற்றியவன் வாசலிலேயே இறக்கி வைத்தான். வரலாறு செய்த வாழ்த்துக்குரிய வேடிக்கை அது!

அப்படி நம் மூத்தோர் பண்ணையார் கழுத்திலே மாட்டிய சொல்லை, படித்த நாம் கழற்றி எடுத்துவந்து, பண்ணையிலே பாடுபடுபவனின் மகன் கழுத்திலே மறுபடியும் மாட்டினோமே! அவன் என்ன தீமை செய்தான் என்று பார்த்தா மாட்டினோம்? நிறத்தைப் பார்த்தோம்; நெற்றியின் வியர்வையைப் பார்த்தோம்; பேச்சிலே ஊர்மணம் வீசுவதைப் பார்த்தோம். 11ஆம் நூற்றாண்டின் பிரபு பார்த்ததும் அதைத்தானே? இன்றைய திரையிலும், சின்னத்திரைத் தொடர்களிலும், அடியாளாக வருபவன் எந்த நிறத்தவனாக இருக்கிறான், எந்தப் பேச்சைப் பேசுகிறான் என்று கவனியுங்கள். சொல் திரும்பவும் பழைய முகவரியைத் தேடிப் போகிறது.

சொல்லின் மறுபாதியோ சுகமாக வாழ்கிறது. வயல்களைத் தூர்த்து மனைகளாக்கிய இடங்களிலே நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளைப் பாருங்கள்: 'வில்லாக்கள் விற்பனைக்கு!' வில்லா என்றால் செல்வம், தோட்டம், காவலாளி, கௌரவம். அந்த வில்லாவிலே உழைத்தவன் பெயர் மட்டும் கொலைகாரனின் பெயர். வீட்டுக்கு மதிப்பு, வீட்டைத் தாங்கியவனுக்கு வசவு. ஒரே தாயின் இரு பிள்ளைகளிலே ஒன்று தொட்டிலிலே, ஒன்று தூக்குமரத்திலே!

விழா முடிந்தது. அவன் அந்த வேடத்தை ஏற்றான், நன்றாகவே நடித்தான், கைதட்டலும் பெற்றான். பரிசு அரசகுமாரனுக்குப் போயிற்று. வேடத்தை மாற்றச் சொல்லி நாம் எழுந்து பேசியிருக்கலாம், பேசவில்லை. கேள்வி கேட்கும் துணிவு 15 வயதுச் சிறுவனுக்கு இருந்தது. விடை சொல்லும் துணிவு பட்டம் பெற்ற நமக்கு இருக்கவில்லை. ஆகவே இப்போது சொல்கிறோம், தம்பி:

உன் தந்தைதான் வில்லன். அந்தச் சொல் பிறந்த நாளிலே அதற்கிருந்த பொருளிலே, ஆம், அவர்தான்! நிலத்தைத் திருத்தியவர், நீர் பாய்ச்சியவர், நாட்டுக்கு உணவிட்டவர். அதிலே நீ நாண ஒன்றுமில்லை. நாண வேண்டியவர்கள், அந்தப் பெயரைத் தீமைக்குச் சூட்டியவர்கள். சூட்டியது தெரிந்த பிறகும் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்த நாங்கள்.

தோழர்களே, இந்தச் சொல்லை மொழியிலிருந்து துரத்திவிடச் சொல்லவில்லை, துரத்தவும் முடியாது. கொடுமை செய்பவனுக்கு ஒரு பெயர் வேண்டும்தான். செயலைப் பார்த்துச் சூட்டுங்கள்! 'பட்டிக்காட்டான்' என்று நாக்கு நுனிவரை வரும்போது ஒரு நொடி நில்லுங்கள். 'நாகரிகம்' என்ற சொல்லுக்குள்ளே நகரம் ஒளிந்திருப்பதை நினைவிலே வையுங்கள். ஒருவனை இழித்துப் பேச ஒரு சொல் எழும்போதெல்லாம், இதை அச்சடித்தவன் எவன், யாருடைய முதுகின் மேல் வைத்து அச்சடித்தான் என்று கேளுங்கள். கடவுளையே கேள்வி கேட்கத் துணிந்தவர்களுக்கு அகராதியைக் கேள்வி கேட்பதா கடினம்?

அடுத்த ஆண்டும் விழா வரும். வேடம் பங்கிடும் நாள் வரும். யாரோ ஒருவர் ஒரு முகத்தைக் காட்டிச் சிரிப்பார். அப்போது சிரிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. எழுந்து நின்று பேசுவோம். அதைத்தான் அவன் நமக்குக் கற்றுக்கொடுத்தான். அந்த வகுப்பிலே ஆசிரியன் அவனே!